கூழுக்கு வீடு கூப்பிடுகிறவர்

எங்கள் குப்பத்து அம்மன் கோயிலில் ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது, வீட்டுக்கு முதல் கரண்டி என்று ஒரு முறை உண்டு. ஒருவர் நின்று வீடுகளை வரிசையாகக் கூப்பிடுவார். ஆள் பேரைச் சொல்ல மாட்டார். மேட்டு வீடு, இறால் வீடு, இரட்டைப் பனை வீடு என்றுதான் சொல்வார். அந்த வீட்டுப் பெண் குண்டானை நீட்டி வாங்கிக்கொள்வாள். ஒரு வீடு விட்டுப்போனால் அடுத்த ஆடி வரை அவர்கள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். பல வருஷமாகக் கூப்பிடுகிறவர் என் வீட்டுக்காரர்.

பார்கின்சன் நோய் வந்து கை நடுங்க ஆரம்பித்தபோதுகூட அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "வல ஒதர்ற வேலைய கை தானா பண்ணிக்கினு கீது" என்பார். நடை சுருங்கிற்று, குரல் இறங்கிற்று. அதற்கும் ஏதாவது கேலி வைத்திருந்தார். மறதிக்கு மட்டும் அவரிடம் கேலி இல்லை. ஒருநாள் சம்பந்தி எதிரே உட்கார்ந்திருக்க, அவருடைய ஊர் எதுவென்று இவருக்கு வரவே இல்லை. அன்று சோறு இறங்கவில்லை.

"இந்த வாட்டி நான் கூப்புட மாட்டேன்மே. ஒரு வூட்ட வுட்டுட்டா அவங்க மூஞ்சில எப்பிடி முழிக்கறது?"

"தாள்ல எழுதி வெச்சுக்கயேன்யா."

"தாளப் புடிச்சா அது காத்தாடியாட்டம் ஆடும். எழுத்த யாரு புடிச்சு நிறுத்தறது?"

பொன்னேரியில் டாக்டரம்மாவிடம் காட்டினோம். இது என்ன மாசம், என்ன கிழமை என்று அவரைக் கேட்டார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"டெஸ்ட் உங்களுக்காம்மா, அவருக்கா?" என்றார் டாக்டரம்மா. பிறகு பொறுமையாகச் சொன்னார்: "இந்த நோய்ல சில பேருக்கு ஞாபகம் மெதுவாத்தான் வரும். இப்போதைக்கு இவருக்கும் அப்படித்தான் தெரியுது. நீங்க முந்திக்காதீங்க, அவரே சொல்லுவார்."

பஸ் திருப்பாலைவனம் தாண்டும் வரை அவருக்குச் சிரிப்பு. "ஃபெயிலானது நீதான்மே!"

பேச்சை எடுத்துக்கொடுக்காமல் இருப்பது விரதம் இருப்பதைவிடக் கஷ்டம். அவருக்கு ஞாபகத்தைக் கொடு, என் வாய்க்கு ஒரு பூட்டைக் கொடு என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். இதற்குள் ஊர்த் தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார். "மாமா, நீ கூப்புட்டாத்தான் அது கூழு. இல்லன்னா வெறும் கேவுரு கஞ்சி." அதற்கு மேல் இவரால் மறுக்க முடியவில்லை.

கூழ் ஊற்றும் அன்று மாத்திரையை நேரத்துக்குக் கொடுத்து, மைக் முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். முதல் ஏழெட்டு வீடு தண்ணீராக வந்தது. இரட்டைப் பனை வீட்டுக்குப் பிறகு நின்றுவிட்டார். மைக்கில் மூச்சு மட்டும் கேட்டது. அடுத்தது படகுத்துறை வீடு. எனக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும். பின்னால் ஒருத்தி வாயைத் திறக்க, தலைவர் கையைக் காட்டி அடக்கினார். நான் முந்தானையைக் கவ்விக்கொண்டு தாயே தாயே என்று நின்றேன். அவர் கை மைக் கம்பியைத் தடதடவென்று தட்டிக்கொண்டிருந்தது.

"படகுத்துறை வூடு!"

முந்தானையை விட்டேன். பிறகு அவர் நிற்கவே இல்லை. கடைசி வீடு வரை கூப்பிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நைனா, நம்ம வூடு?" என்றாள் என் மகள்.

குழாயடி வீடு, எங்கள் வீடு, நடுவிலேயே விட்டுப்போயிருந்தது. மெதுவாக வரும் என்றுதானே சொன்னார்கள், வரட்டும் என்று நானும் காலிக் குண்டானோடு பேசாமல் நின்றிருந்தேன். கூட்டம் சிரித்தது. அவர் முகம் மட்டும் வாடிவிட்டது. என்னையே பார்த்தார்.

"போய்யா, அடுத்த ஆடி வரிக்கும் உன்னாண்ட பேசமாட்டேன்" என்றேன்.

அவர் மைக்கைக் கிட்டே இழுத்தார். "தாயே, இத்தினி வருஷமா வேண்டிக்கினது இன்னிக்குத்தான் குடுத்த!"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. எங்களுக்குக் கிடைத்தது அண்டாவின் அடிக்கூழ். இருவரும் ஒரே சொம்பில் குடித்தோம்.

அடுத்த ஆடிக்கும் அவரே கூப்பிட வேண்டும் என்று அம்மனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். எங்கள் வீடு விட்டுப்போனாலும் பரவாயில்லை.