கரடி மூக்கு

பெரம்பலூரு பஸ் ஸ்டாண்டுகிட்ட பேன்சி கடை வச்சிருந்த உத்திராபதி, அரியலூரு போயி அடுத்தவன் வூட்டு கரடி மூக்க முழுங்கிட்டாருன்னு எண்பத்திரண்டுல ஒரு பேச்சு. அது வெளிய வர சீப்பு சீப்பா பூவம்பழம் தின்னாருன்னு குரும்பலூரு வரைக்கும் சொன்னாங்க. நடந்தது வேற. கேளுங்க.

அந்த மனுசனுக்கு சீட்டு கிடையாது, சாராயம் கிடையாது. ஒரே கிறுக்கு, புள்ளைங்க படம் சேக்குற பழைய வெளாட்டு அட்டைங்க. சிங்கப்பூரு போயிட்டு வந்தவங்க வூட்டுப் பரண்ல கெடக்குமே, அது. துண்டு துண்டா இருக்கும், கோத்தா வாத்து மீன் புடிக்கும், எலி சைக்கிள் மிதிக்கும். சொந்தப் புள்ளைங்களயே தொட வுட மாட்டாரு.

அதுல அவருக்கு உசுரு, கரடி ரயில் ஓட்டுற படம். ஆனா மூக்குத் துண்டு மட்டும் இல்ல. தீப்பெட்டி அட்டைய வெட்டி, மை தடவி அடைச்சிருந்தாரு. யாருக்குக் காட்டுனாலும் கட்டவெரலு மூக்கு மேலயே இருக்கும்.

ஒருநாளு பழைய பேப்பரு வாங்குற தர்மன் வந்து, "அண்ணே, அரியலூரு மளிகைக்கடை நடராசன்கிட்ட இதே கரடி இருக்கு"ன்னான்.

"இருக்கட்டும்."

"மூக்கோட இருக்குண்ணே."

அன்னைக்கு அவருக்குச் சோறு எறங்கல. நம்மள்து ஓட்டை, அவன்து முழுசா? மறுநாளே பஸ் ஏறிட்டாரு. அவன்துலயும் ஏதாச்சும் ஒரு துண்டு கொறையணும், அத நம்ம கண்ணால பாக்கணும். அதான் வேண்டுதல்.

நடராசன் கரடிய பலகையில பரப்பி வச்சாரு. உத்திராபதி மேல கீழ, ஓரஞ்சாரமெல்லாம் துழாவுனாரு. ஒண்ணும் கொறையல.

"முழுசாத்தான் இருக்கு. ஒரு கொறையும் இல்ல"ன்னாரு. சொன்ன சொல்லு நல்ல சொல்லு. சொன்ன கண்ணு நல்லால்ல.

முறுக்குத் தட்டோட நின்ன நடராசன் பொஞ்சாதி லீலாவதிக்கு, கண்ணு பட்டுருச்சுன்னு தோணிருச்சு. ரெண்டு ஆம்பளயும் கடைசி முறுக்க வாயில போட்டுக்கிட்டே கை கழுவ கொல்லைக்குப் போன நேரம், உப்பு மொளகாய அள்ளி படத்துக்கு மூணு சுத்து சுத்துனாங்க. சுத்துறப்ப ஈரக் கை படத்துல பட்டுச்சு. உள்ளங்கையில இருந்ததெல்லாம் அப்படியே கொண்டுபோயி அடுப்புல போட்டாங்க.

திரும்பி வந்து பாத்தா கரடிக்கு மூக்க காணும்.

"அண்ணே, வாயத் தொறங்க"ன்னாரு நடராசன்.

வாயில முறுக்கு. மெரண்டுபோயி மடக்குன்னு முழுங்கிட்டாரு உத்திராபதி.

அடுப்படியிலேருந்து லீலாவதி சத்தம் குடுத்தாங்க: "எம்மாங்கண்ணு பட்டிருக்கு பாருங்க. மொளகா நெடியே வரல. அட்டை தீயிற நாத்தந்தான் வருது."

பொஞ்சாதிய வுட்டுக்குடுக்க முடியுமா? கடைக்கு வந்தவங்ககிட்டயெல்லாம், பெரம்பலூரான் முழுங்கிட்டான்னு அளந்துவுட்டாரு நடராசன்.

இன்னைக்கும் யாராச்சும் உத்திராபதிகிட்ட வாயக் கிண்டுனா வெடுக்குன்னு சொல்லுவாரு:

"முழுங்குனது முறுக்குய்யா. மூக்கு எரிஞ்சது அவன் வூட்டு அடுப்புல. எரிஞ்சதுல எனக்கு பரம சந்தோசம், போ."