ஜான்சியின் காகிதப் பஞ்சம்

விடிந்ததும் தினசரி காலண்டரில் இரண்டு தாளைக் கிழிக்கிறார் ஜான்சி. தேதி பார்க்க அல்ல, பின்பக்கம் கணக்குப் போட. சில நாள் பத்து மணிக்கு இன்னொரு தாளும் போகும். பங்குக் கோயிலில் கொடுத்த அந்தக் காலண்டரில் மே மாதத்திலேயே ஆகஸ்ட் பிறந்துவிட்டது. "இன்னிக்கு என்ன கெழமைன்னு போனைப் பாத்துத் தெரிஞ்சிக்க வேண்டியதா இருக்குது" என்று அண்ணன் பெலிக்ஸ் அலுத்துக்கொள்கிறார். காலண்டர் கைக்கு எட்டாவிட்டால் கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டு, பஸ் டிக்கெட். பிரிக்காத நோட்டுகள் பன்னிரண்டு அலமாரியில் தூங்குகின்றன. "புது நோட்ல எழுதினா தப்பு பண்ண பயமா இருக்குதுங்க. இது குப்பைக்குப் போறதுதானே, கை தானா ஓடுது!"

வயது முப்பத்தாறு. சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலை. வாரம் இரண்டு நாள் அங்கே. மற்ற நாளெல்லாம் மரக்காணத்தில், அண்ணனின் உப்பளத்து வரப்பில், காதில் செருகிய பென்சிலோடு. குவாண்டம் கணினிகளுக்குக் கணக்குப் போடும் வழி தேடுவது தொழில். அதென்ன என்று வாயைக் கொடுத்தேன். நாற்பது நிமிடம் சொன்னார், நடுவில் என் டீயையும் குடித்துவிட்டு. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: கோடிக்கணக்கில் எண்கள் நிரம்பிய ஓர் அட்டவணை. அதிலிருந்து வேண்டியதைப் பொறுக்க சாதாரணக் கணினிக்கு மாமாங்கம் ஆகும், குவாண்டம் கணினிக்குச் சில நொடிகள். அந்த வேக வழியை மூன்று வருடம் உழைத்துக் கண்டுபிடித்து, கட்டுரையாக இணையத்தில் ஏற்றியிருந்தார்.

இப்படி ஒருவர் ஏற்றினால், சாதாரணக் கணினியிலேயே அந்த வேகம் வருமா என்று ஊர் உலகமெல்லாம் உட்கார்ந்து முயலுமாம். வந்துவிட்டால் கட்டுரை கவிழ்ந்தது. "ரெண்டு மாசமா ஒருத்தரும் கவுக்கல. நானும் தெனம் ட்ரை பண்றேன்" என்று சிரித்தார். தன் கட்டுரையைத் தானே கவிழ்க்கப் பார்ப்பவரை அன்றுதான் பார்த்தேன்.

பெலிக்ஸுக்கு அந்தப் பொறுமை ஏது? பெங்களூரில் பேச அழைப்பு வந்த அன்றே ஈசிஆர் கூட்டுரோட்டில் பன்னிரண்டடி பிளெக்ஸ் வைத்துவிட்டார். காதில் போனோடு தங்கையின் படம், மேலே "குவாண்டம் கண்ட குலவிளக்கே, வருக! வருக!" குலவிளக்கு எங்கும் போகவில்லை, வீட்டில்தான் இருந்தது.

ஜான்சியைப் பார்க்க நான் உப்பளத்துக்குப் போன அன்று உப்பு வாங்க தேவநாதன் வந்திருந்தார், கிளியனூர் வியாபாரி. வரப்பில் பெரிதும் சிறிதுமாக ஏழு குவியல். ஆளுயரக் குவியலில் நாலு கைப்பிடி அள்ளினார், இடுப்புயரத்தில் இரண்டு, முழங்காலளவில் ஒன்று. எல்லாவற்றையும் ஒரே வாளியில் கலக்கி, ஒரு கல்லை நாக்கில் வைத்து, மொத்த சரக்குக்கும் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"ஏன், எல்லாத்துலயும் சமமா எடுக்கக் கூடாதா?" என்றார் ஜான்சி.

"பெருசுலதானேம்மா சரக்கு இருக்குது? அதுல ஜாஸ்தி எடுத்தாத்தான் மொத்தமும் தெரியும். கொஞ்சம் நவுருங்க, நெழலு விழுது."

ஜான்சி நகரவில்லை. அப்படியே வரப்பில் உட்கார்ந்து ஆகஸ்ட் பதினைந்தின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். இரண்டு மணி நேரம் கழித்து எழுந்து குதித்தார். ஒரு செருப்பு பறந்து பாத்திக்குள் விழுந்தது.

"கவுந்துடுச்சு! அண்ணா, கவுந்துடுச்சு!"

அட்டவணை முழுவதையும் படிக்க வேண்டாம். பெரிய எண்கள் உள்ள வரிசைகளில் அதிகம், சிறியவற்றில் கொஞ்சம் என்று அள்ளினால் போதும், சாதாரணக் கணினியே கிட்டத்தட்ட அதே வேகத்தில் விடை சொல்லிவிடும்.

"எவன்மா கவுத்தான்?" என்று பெலிக்ஸ் பாய்ந்து வந்தார்.

"நான்தான்!"

பெலிக்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, வேற யாருக்கும் தெரியாதுல்ல? அடுத்த வாரம் பெங்களூரு போயி பேசிட்டு வந்துடு. அப்புறமா சொல்லிக்கலாம். பிளெக்ஸ் வேற நிக்குது."

சிரிப்பு நின்றது. ஜான்சியின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். மூன்று வருடம் சும்மாவா? "எனக்கும் ஆசையாத்தான் இருக்குது. ஆனா இது அதவிட அழகா இருக்குதே அண்ணா, எப்படி சொல்லாம இருப்பேன்?" அங்கேயே நின்று பெங்களூருக்கு மெயில் தட்டினார்: என் கட்டுரை கவிழ்ந்துவிட்டது, கவிழ்ந்த கதையையே வந்து பேசட்டுமா? அனுப்பிவிட்டு மறுபடியும் குதித்தார்.

அதற்குள் கிழக்கே கறுத்துவிட்டது. தார்ப்பாய் ஆறு குவியலுக்குத்தான் இருந்தது. பெலிக்ஸ் திருதிருவென்று விழிக்க, ஜான்சி ஒற்றைச் செருப்போடு ஸ்கூட்டியில் பறந்து பிளெக்ஸை அவிழ்த்து வந்தார். ஆளுயரக் குவியலின் மேல், தன் முகம் உப்பைப் பார்க்கும்படி விரித்தார். நானும் ஓரத்தில் செங்கல் வைத்தேன். மழையோ நாலு தூறலோடு ஏமாற்றிவிட்டது.

வெயில் திரும்பியது. பிளெக்ஸின் பின்பக்கம், பன்னிரண்டடியும் வெள்ளை வெளேரென்று கிடந்தது.

"அய்யோ, இவ்ளோ எடமா!"

துப்பட்டாவால் ஈரத்தைத் துடைத்தார். திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டினார். பெலிக்ஸ் பெருமூச்சு விட்டு, மூட்டைக்கு நம்பர் போடும் மார்க்கரின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார். மிஞ்சிய செருப்பையும் உதறிவிட்டு, முழங்காலூன்றிக் குவியலில் ஏறி, மேல் மூலையிலிருந்து எழுதத் தொடங்கினார் ஜான்சி.