நன்றியுரை அண்ணை

ஒஸ்லோவில் எந்தத் தமிழ்க் கூட்டமானாலும் நன்றியுரை அவருடையதுதான். எல்லிங்ஸ்ருட் மண்டபத்தின் திறப்பும் அவரிடம்தான்; எங்களுக்குக் கதவு திறந்துவிடுபவரும் அவர்தான். கம்பளித் தொப்பியைக் கழற்றவே மாட்டார். பேச வருபவர்களின் பெயர்களைக் கேட்டுக் கேட்டு ஒரு பழைய கடித உறையில் எழுதிக்கொள்வார்.

அங்கே ஒரு கூட்டத்தில் நான் ஒரு பழைய ஆங்கிலப் பேய்க் குறுநாவலின் வேலைக்காரனை ஆராய்ந்து கட்டுரை வாசித்தேன். கதை முழுக்கக் கதவு திறந்துவிடும் அவனுக்கு ஒரு பெயர்கூட வைக்காத நாவலாசிரியரின் மேட்டிமையை நாற்பது நிமிடம் கிழிகிழியென்று கிழித்தேன். கைதட்டல் பலமாக இருந்தது.

அவர் உறையோடு என்னிடம் வந்தார்.

“தம்பி, அந்த வேலைக்காரனை அங்கை என்னெண்டு கூப்பிடுறவை?”

“மணியடிச்சுத்தான் கூப்பிடுவினம், அண்ணை.”

“அப்ப நன்றியுரையிலை நான் அவனை என்னெண்டு சொல்லுறது?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மேடையேறி, தேநீர் போட்டவர் வரை எல்லோரையும் முதலெழுத்து பிசகாமல் வாசித்தார். கடைசியில், “கதவு திறந்துவிட்டவருக்கும் நன்றி” என்றார்.

என் கட்டுரை ஒரு மலரில் வெளிவரும்போது நன்றி சொல்லி அவர் பெயரையும் போட நினைத்தேன். இத்தனை வருடம் கழித்து அவரிடமே கேட்க வெட்கமாக இருந்தது. ஐந்து பேரை விசாரித்தேன். ஐந்து பேரும், “அவர்தானே, நன்றியுரை அண்ணை” என்றார்கள்.

ஆகவே அடிக்குறிப்பில் பெருந்தன்மையோடு எழுதினேன்: ‘கதவு திறந்துவிட்டவருக்கும் நன்றி.’