ஊதாக்காரரின் வெள்ளை முகம்

ஊதாக்காரர் என்ற மாப்பிள்ளையின் பட்டப்பெயர் மாமியார் காதில் முதலில் விழுந்தது, மகளைக் கட்டிக்கொடுத்த மூன்றாம் மாதம். அச்சகத்தில் மெஷின் ஓட்டும் அவள் மகன்தான் சிரித்துக்கொண்டே சொன்னான். வேலையில்லாமல் கிடந்த மாப்பிள்ளையை முதலாளியிடம் கெஞ்சி, அச்சுத் தகடு செய்யும் பிளேட் அறையில் சேர்த்துவிட்டவனும் அவனே.

சேர்ந்த அன்றிலிருந்து மாப்பிள்ளைக்குத் தரையில் கால் பாவவில்லை. அங்கே அரிசி மணி அளவு லேசர் ஒன்று, ஊதா ஒளியால் அலுமினியத் தகட்டில் எழுத்தைப் பதிக்கும். ஊதாவுக்கு அலைநீளம் குட்டை, அதனால் புள்ளி பொடிசாக விழும் என்று சோற்றுக்கு உட்காரும்போதெல்லாம் பாடம் நடக்கும். ஏதோ லேசரைத் தானே பெற்று வளர்த்தது போல. அமுக்குவதோ ஒரு பொத்தான். வீட்டில் பல்ப் மாற்றத் துப்பில்லை.

"தகடு மஞ்சள் வெளிச்சத்துலதான் இருக்கணும் அத்தை. வெள்ளை லைட் பட்டா தகடு மொத்தமும் மசி பிடிச்சு, பக்கம் கறுப்பாத்தான் வரும்" என்று நூறு தடவை சொல்லியிருப்பார்.

ஒருநாள் பாடநூல் பக்கங்கள் எல்லாம் கரி பூசினாற்போல வந்தன. மச்சான் மசியை அதிகமாக விட்டுவிட்டான் என்று மாப்பிள்ளை கூசாமல் முதலாளியிடம் சொன்னார். பார்க்கத் தகடுகூட மிச்சமில்லை; அன்றைக்கே பழைய அலுமினியத்தோடு எடைக்குப் போட்டுவிட்டார். வாரக் கடைசியோடு மகனுக்கு வேலை இல்லை என்றாயிற்று.

மறுநாள் மாப்பிள்ளை சட்டம் போட்ட படத்தோடு வந்தார், கூடத்தில் மாட்ட. லேசர் மெஷின் பக்கத்தில் அவர் நிற்கிறார். முன்னால் மேசையில் தகடுகள் விசிறி போல விரிந்திருக்கின்றன.

"மூஞ்சி மஞ்சளா இல்லையே மாப்பிள்ளை?"

"மஞ்சள்ல எடுத்தா காமாலைக்காரன் மாதிரி இருந்துச்சு அத்தை. கொஞ்ச நேரம் வெள்ளை லைட்டைப் போட்டேன்."

"என்னிக்கு எடுத்தது?"

"பாடநூல் தகடு போட்ட அன்னிக்கு..." தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை படமும் எடுத்து வைத்திருந்தது.

மாமியார் வாசல் பக்கம் பார்த்தாள். மகள் அங்கே தலைகுனிந்து நின்றாள். நிமிராமலே, "அண்ணன் பிள்ளைங்களும் சாப்பிடணுமேம்மா" என்றாள்.

விடிந்ததும் மாமியார் படத்தைப் பைக்குள் வைத்து முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மகன் அதே மெஷினில் இருக்கிறான். மாப்பிள்ளை இப்போது அச்சகத்தின் பின்வாசலில், வெட்டிப்போட்ட காகிதத் துண்டுகளைச் சாக்கில் அடைத்துக்கொண்டிருக்கிறார்.