மீன் சைக்கிளும் சீனி வருத்தமும்

என் கணவர் நாயாற்றுக் கடற்கரையில் மீன் வாங்கி, ஒட்டுசுட்டான் வரை சைக்கிளில் கொண்டுபோய் விற்றவர். அவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருந்தது. "மீன்காரனுக்கு உப்பு வருத்தமெல்லோ வரவேணும்?" என்று சந்தையில் பகிடி பண்ணுவார்கள்.

போரும் பொருளாதாரத் தடையுமான காலம். மருந்துக் குளிசைகள் ஒழுங்காக வராது. ஆனாலும் கிளினிக்கில் சோதித்தால் சீனி அடங்கியே இருக்கும். டொக்டர் அவருடைய தொடையைத் தட்டிச் சொன்னார்: "உழைக்கிற தசை சீனியை எரிச்சுப்போடும் ஐயா. இந்தச் சைக்கிளை மட்டும் விட்டிடாதேங்கோ."

அவர் விடவில்லை. எங்கள் ஒரே மகள் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு மாரியில் மலேரியா மூளைக்கு ஏறி அவள் போய்விட்டாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை செத்த வீட்டு ஆண் யாவாரத்துக்குப் போகக்கூடாது. இனத்தவர்கள் அவரைப் பாயிலேயே இருத்தினார்கள். சைக்கிளை அவருடைய தமையன் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். எல்லாம் அன்பில் செய்தவைதான். நாலுபேர் முன் வாய் திறக்காத நான், "அவரைக் கொஞ்சம் நடக்க விடுங்கோ" என்றேன்.

"பிள்ளையின்ர சாம்பல் இன்னும் ஆறேல்லை," என்றா அவருடைய தமக்கை. "அதுக்கிடையில தேப்பனை மீன் விக்கக் கலைக்கிறியோ?"

அந்தியேட்டி முடிந்து சைக்கிள் வந்தது. அவர் எழும்பவில்லை. தொடைகள் வற்றி, கட்டிய சாரம் இடுப்பில் நிற்கவில்லை. சீனி ஏறி, தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தார்.

"இஞ்சேருங்கோ, வாசல் படலை மட்டுமெண்டாலும் நடவுங்கோ."

"இனி ஆருக்காக ஓடுறது?"

"எனக்காக" என்றேன். அதுவரை எனக்கென்று அவரிடம் எதையும் கேட்டதில்லை. முகம் சுட்டது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழும்பினார்.

பின்னேரங்களில் என் தோளைப் பிடித்துக்கொண்டு படலை வரை நடந்தார். மெல்ல மெல்ல வாய்க்கால் வரை போனோம். "மீன் பெட்டி இல்லாமலே மூச்சு வாங்குது, பார்," என்று சிரித்தார். மகள் போனபின் அவர் சிரித்தது அன்றுதான்.

அந்த நடையில் எப்போதோ முள் குத்தியிருக்கிறது. சீனியால் விறைத்த பாதம், அவருக்கு நோகவில்லை. நான் காணும்போது புண் பழுத்துவிட்டது. காலை வெட்டி எடுக்க வேண்டும், வவுனியாப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள் கிளினிக்கில். சண்டையால் பாதை பூட்டியிருந்தது.

கடைசி நாள் காய்ச்சலில் கிடந்தபடி, "நாளைக்கு வாய்க்காலைத் தாண்டிப் போவமே?" என்று கேட்டார்.

"ஓம், போவம்," என்றேன்.