மாதா பெட்டிக்குள் மாத்திரை அட்டை

ரங்கூன் பசுந்தாங் பேட்டையில் கர்ப்பத்தடை மாத்திரை வாங்க வெட்கப்பட வேண்டியதில்லை. மருந்துக் கடைப் பர்மாக்காரி இருமல் மருந்து கொடுப்பதுபோல எடுத்துக் கொடுத்துவிடுவாள். வெட்கமெல்லாம் நம்ம கோயில் ஆட்களிடம்தான். தமிழ் வேதக்காரர்கள் நாலு தெருவுக்குள் அடங்கிவிடுவோம். ஒரு வீட்டில் தும்மினால் எல்லா வீட்டிலும் கேட்கும்.

எனக்கு இரண்டு பெண்கள், இரண்டும் ஆபரேஷன். மூன்றாவது உண்டானால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாமியாரோ பேரனைப் பார்க்காமல் கண்ணை மூட மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். என் அலமாரி, தலையணை உறை, அரிசி டின் எல்லாவற்றையும் துழாவுவார். அவர் கை வைக்கப் பயந்த இடம் ஒன்றே ஒன்று.

அக்டோபர் மாதம் மாதா சுரூபம் வீடு வீடாக வரும், வீட்டுக்கு மூன்று நாள். சுரூபம் நிற்கும் மரப்பெட்டியின் அடியில் ஓர் இழுப்பறை. மன்றாட்டுகளை எழுதி அதற்குள் போடுவோம். மாதக் கடைசியில் கோயில் பங்குச் சாமியார் மட்டும்தான் எடுத்துப் படிக்கலாம். மூன்று நாளானாலும் இதைவிடப் பத்திரமான இடம் ரங்கூனில் உண்டா! மாத்திரை அட்டையை மாதா பாதத்தில் ஒப்படைத்துவிட்டு, ராத்திரிச் செபம் சொல்ல முட்டி போடும் சாக்கில் தினம் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் நான் மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரம், மழை வரும்போல இருக்கிறதென்று மத்தியானமே மாதாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். போன இடம் செபமாலைக் குழுத் தலைவி வீடு. பிள்ளை வரத்தைத் தடுப்பவள் ஆண்டவர் கையையே தட்டிவிடுகிறாள் என்று போன வாரம்தான் அவர் கோயிலில் மைக் பிடித்துப் பேசியிருந்தார். வேறு அட்டை வாங்கலாமென்று கடைக்கு ஓடினால், சரக்கு வரவில்லையாம். அன்றைய மாத்திரை தவறிப்போனது.

மறுநாள் ஒரு துண்டுக் காகிதத்தோடு அவர் வீட்டு மாடி ஏறினேன்.

“அக்கா, ஒரு மன்றாட்டு விட்டுப்போச்சு. போட்டுட்டுப் போயிடுறேன்.”

“போடு, போடு” என்றவர் நகரவே இல்லை. இழுப்பறையைத் திறந்தேன். வெறும் காகிதங்கள்.

“இதையா தேடுற?” ரவிக்கைக்குள்ளிருந்து என் அட்டையை எடுத்தார்.

“சாமியார்தானேக்கா அதைப் பாக்கணும்?”

“ஊர் மன்றாட்டைப் படிச்சாத்தானே ஊருக்காக வேண்ட முடியும்?”

அடேயப்பா! ஆனால் சிரிக்கிற நிலையில் நான் இல்லை. டாக்டரம்மா சொன்னதையெல்லாம் உளறிக் கொட்டி அழுதேன். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நேத்து ஒண்ணு விட்டுட்ட. இன்னைக்கு ரெண்டாப் போட்டுக்க.”

அழுகை பட்டென்று நின்றது. ஏழு பெற்ற மனுஷிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

“என்னடி முழிக்கிற? ஏழோட எப்படி நின்னுச்சுன்னு நெனச்ச?”

பிறகு அடுப்படிப் பக்கம் பார்த்துக் குரலை இறக்கினார். அங்கே அவர் மருமகள், இடுப்பில் நடக்கத் தொடங்காத குழந்தையோடு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அடுத்தது வந்துருமோன்னு அவளுக்குப் பயம். அதை எங்கிட்ட சொல்ல அதைவிடப் பயம். மைக்குல நான் பேசுன பேச்சு அப்படி. அவளுக்கும் வேணும். இந்த மாத்திரை வேற எங்க கெடைக்கும், சொல்லு.”

மறுநாள் காலையில் நானும் அக்காவும், நம்மைத் தெரியாத மருந்துக் கடை தேடி, ஊர்க்கோடி மிங்கலாடோனுக்குப் பஸ் ஏறினோம். எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று வழியில் கேட்டவர்களுக்கெல்லாம் மாதா கோயில் நவநாள் செபத்துக்குப் போகிறோம் என்று பதில் சொன்னோம். சொன்னது அவர்தான். எனக்கு அவ்வளவு கூசாமல் வராது.