பாஸ்வேர்டைத் தூக்கிப்போட்ட கதை

என் மாமனாருக்குச் சிறுநீரகம் பழுதான பிறகு எங்கள் வீட்டில் கிழமைகளுக்குப் பெயர் இல்லாமல் போனது. திருச்சிக்குப் போகிற நாள், போகாத நாள் என்று இரண்டே வகைதான். விராலிமலையில் பஸ் ஏறிப் போவது பெரிய காரியமில்லை. டயாலிசிஸ் முடிந்து திரும்பி வருவதுதான் பாடு. ஒருநாள் கூட்டத்தில் கம்பியைப் பிடித்து நின்றவர் அப்படியே சரிந்து என் தோளில் விழுந்தார். யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். அவரை உட்கார வைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எங்களைத் தாண்டிப் போன கார்களில் பாதிக்குமேற்பட்டவற்றில் ஓட்டுகிறவரைத் தவிர ஆளே இல்லை.

கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்தேன். அடுத்தவர்கள் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலை. சொந்தமாக எதையும் கட்டியதில்லை. அந்த பஸ் பயணத்துக்குப் பிறகுதான் கட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது. காரில் தனியாகத் திருச்சி போய் வருகிறவர்கள் தாங்கள் போகும் நேரத்தையும் வழியையும் போட வேண்டும். டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் தங்களுக்குத் தோதான காரில் இடம் கேட்க வேண்டும். காசு பணம் கிடையாது. அவ்வளவுதான் அந்த வெப்சைட்.

கல்லூரியில் என்னோடு படித்தவள் ஒருத்தி மணமேல்குடிப் பக்கம் கடற்கரை ஊரில் இருக்கிறாள். கணவர் குவைத்தில். வீட்டிலிருந்தபடியே வெளியூர் கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பவள். விஷயத்தைச் சொன்னதும், "மொகப்ப நான் பாத்துக்கிறேன், உள் வேலய நீ பாரு" என்று கூடவே இறங்கிவிட்டாள்.

வெப்சைட் ஓடத் தொடங்கியது. கார்க்காரர்கள் நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வந்தார்கள். தடுமாறியது நோயாளிகளின் வீட்டார்தான். மெயில் முகவரி கொடுத்து, பாஸ்வேர்டு ஒன்று உருவாக்கி உள்ளே வர வேண்டும் என்று வைத்திருந்தோம். உருவாக்கிய பாஸ்வேர்டு மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது. புதிதாகப் போட மெயில் அனுப்பினால், அந்த மெயிலை எங்கே பார்ப்பது என்று தெரியாது. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது போன் வரும். "அம்மா, பாஸ்வேர்டு கேக்குதும்மா, என்னா போடட்டும்?"

நார்த்தாமலையில் ஒரு அக்கா. கணவருக்கு டயாலிசிஸ். ஒருநாள் காலையில் அவரால் உள்ளே வர முடியவில்லை. என்னைக் கூப்பிட்டிருக்கிறார், நான் ரேஷன் கடை வரிசையில் நின்றேன், போனை வீட்டிலேயே வைத்துவிட்டேன். அவர்கள் போகும் நேரத்தில் அதே வழியில் புதுக்கோட்டையிலிருந்து ஒரு கார் மூன்று இடம் காலியாகப் போயிருக்கிறது. இவர்கள் பஸ்ஸில் போனார்கள். அவருடைய கணவர் திருச்சி பஸ் நிலையத்தில் மயங்கி விழுந்து, யாரோ ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார். சாயங்காலம் அந்த அக்கா என்னைக் கூப்பிட்டுத் திட்டவில்லை. "எனக்குத்தாம்மா அமுக்கத் தெரியல" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

உடனே தோழியைக் கூப்பிட்டேன்.

"பாஸ்வேர்டே வேணாம்டி, தூக்கிப்போடு" என்றாள். "எல்லார் போன்லயும் ஒரு மெயில் கணக்கு இருக்கும்ல? அது இல்லாம போனே ஓடாது. அத வச்சே உள்ள விட்டுருவோம். ஒரு பட்டன் அமுக்குனா போதும்."

வேறு வெப்சைட்டுகளில் நானே ஆயிரம் தடவை அப்படி நுழைந்திருக்கிறேன். அந்தப் பட்டனுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று யோசித்ததில்லை. படித்தபோது எனக்கு அது பிடித்துப்போனது. வருகிறவரை நாம் சோதிப்பதில்லை. மெயில் கம்பெனியின் பக்கத்துக்கே அனுப்பிவிடுகிறோம். அவர்கள் பார்த்து, "இவர் இன்னார்தான், உள்ளே விடுங்கள்" என்று ஒரு சீட்டுக் கொடுத்து நம்மிடம் திருப்பி அனுப்புகிறார்கள். பாஸ்வேர்டு நம் கைக்கு வருவதே இல்லை.

அதற்கு முதலில் நம் வெப்சைட்டை அவர்களிடம் பதிவு செய்ய வேண்டும். பதிந்ததும் ஒரு அடையாள எண்ணும் ஒரு ரகசியக் குறியீடும் கொடுத்தார்கள். சந்தோஷத்தில் அந்தத் திரையை அப்படியே படம் பிடித்துத் தோழிக்கு அனுப்பினேன். அடுத்த நொடி போன்.

"கூறுகெட்டவளே, ரகசியம்னு போட்டிருக்கு, அத போட்டோ எடுத்து அனுப்புற! மொதல்ல அத அழிச்சிட்டு வேற வாங்கு."

வேறு வாங்கினேன். அதை அவளுக்குக்கூடக் காட்டவில்லை.

பிறகு பட்டனை வைத்து அமுக்கினால், முகவரி பொருந்தவில்லை என்று சொல்லி நின்றது. ஆளைச் சோதித்து எந்த முகவரிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தேன். புரோகிராமிலும் அதே முகவரிதான் இருந்தது. திரும்பத் திரும்பப் படித்தேன், எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது. ஊரார் தப்பையெல்லாம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவளுக்கு இது கண்ணில் படவில்லை. மறுநாள் வீடியோவில் என் திரையைப் பார்த்த தோழிதான் சொன்னாள்.

"கடைசில பாரு. புரோகிராம்ல ஒரு ஸ்லாஷ் நிக்குது. அங்கிட்டு எழுதிக் கொடுத்ததுல இல்ல."

அந்த ஒற்றைச் சாய்வுக் கோட்டை அழித்தேன். பட்டனை அமுக்கினேன். திரையில் என் பெயர், என் படம், கீழே வணக்கம். நான் போட்ட கூச்சலில் கொல்லையிலிருந்து மாமா, "என்னாச்சு, பாம்பா?" என்று கேட்டார்.

பட்டனை அமுக்கினால் நாம் எதையெல்லாம் எடுத்துக்கொள்கிறோம் என்று மக்களிடம் சொல்ல ஒரு பக்கம் வைக்க வேண்டும். அதை நானே தமிழில் எழுதினேன். 'உங்கள் பெயர், மெயில் முகவரி, படம். இவற்றுக்கு மேல் எங்களுக்கு எதுவும் வேண்டாம். உங்கள் பணத்தை எங்களால் தொட முடியாது.' கடைசி வரி நார்த்தாமலை அக்காவுக்காக. "இத அமுக்குனா பேங்க்ல இருக்குறது போயிருமாம்மா?" என்று அவர் கேட்டிருந்தார். அமுக்கினார். உள்ளே போனார். "அட, பாஸ்வேர்டு கேக்கவே இல்லம்மா!" என்று சிரித்தார்.

இரண்டு மூன்று நாள் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு ஆவூரிலிருந்து ஒரு வாத்தியார் கூப்பிட்டார். தினமும் திருச்சிப் பள்ளிக்கூடத்துக்குக் காரில் போகிறவர்.

"ஏம்மா, நம்ம ஊர்ப் பெரியவர ஏத்திக்கச் சொல்லி நேத்து வந்துச்சு. இப்பப் பாத்தா ஏறுற எடம் நார்த்தாமலைன்னு போட்டிருக்கு. பெரியவர் இங்க கோயில் வாசல்ல நிக்கிறாரு. படத்துல பாத்தா ஒரு தம்பி கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு அருவியில குளிக்கிறாப்புல. இந்தத் தம்பிக்கா டயாலிசிஸ்?"

"பெரியவரயே ஏத்திக்கங்க சார், நான் பாத்துச் சொல்றேன்" என்றேன்.

வெப்சைட்டைத் திறந்தேன். அருவியில் ஒரு வாலிபர், தலைமுடியில் தண்ணீர் வழிய. யார் இவர்? நார்த்தாமலை அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டதும் புரிந்துவிட்டது. படத்தில் இருந்தவர் கீரனூரில் செல்போன் கடை வைத்திருப்பவர். போன் வாங்குகிற பெரியவர்களுக்கு மெயில் கணக்கு தொடங்கத் தெரியாததால், தன் கணக்கையே போட்டுக் கொடுத்திருக்கிறார். ஆவூர்ப் பெரியவர் போனும் அக்காவின் போனும் அதே கடையில் வாங்கியவை. அதனால் என் வெப்சைட்டுக்கு அவர்கள் இருவரும் ஒரே ஆள். அக்கா தன் ஊரைப் போட்டதும் பெரியவரின் ஊர் மாறிவிட்டது.

வீடியோவில் இதைக் கேட்ட தோழி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். பட்டனை அமுக்கியவர் யார் என்பதைத்தான் மெயில் கம்பெனி சொல்லும். காரில் ஏறப்போவது யார் என்பதை நாம்தான் கேட்க வேண்டும். அப்படியே மாற்றினேன். உள்ளே வந்ததும் 'இன்று பயணம் போவது யார்?' என்று ஒரு கேள்வி. ஒரே கணக்கில் எத்தனை பேரை வேண்டுமானாலும் சேர்க்கலாம், ஒவ்வொருவருக்கும் தனி ஊர், தனி படம். மகனின் கணக்கு இருக்கிற போனிலும், மருமகளின் போனிலும்கூட இனி குழப்பமில்லை.

கீரனூர்க் கடைக்கும் நேரில் போனேன். அவர் பதறிவிட்டார். "அய்யோ, ஒதவியா இருக்கட்டும்னுதாங்க செஞ்சேன்." யார் யாருக்குத் தன் கணக்கைப் போட்டுக் கொடுத்தாரோ அவர்களையெல்லாம் கூப்பிட்டு, தனித்தனிக் கணக்கு தொடங்கிக் கொடுத்தார். நம் வெப்சைட்டில் எப்படி நுழைவது என்றும் கடையிலேயே சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். பாஸ்வேர்டு கேட்டு எனக்குப் போன் வருவது நின்றே போனது.

போன மாதம் மாமாவும் நானும் டயாலிசிஸ் முடிந்து ஒரு சிமெண்ட் வியாபாரியின் காரில் திரும்பினோம். எங்களுக்குப் புதியவர். இடம் கேட்டது என் கணவரின் கணக்கிலிருந்து. மாமா முன்னால் சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தார், நான் பின்னால். வியாபாரி பேச்சுக்காரர்.

"இந்த வெப்சைட்ட யாரோ பெரிய கம்பெனிக்காரன் செஞ்சதுன்னு நெனச்சேங்க. இல்லயாம், நம்ம பக்கத்து ஆளுங்கதானாம். எங்க அம்மாவே உள்ள போயிருதுன்னா பாத்துக்கங்களேன். ஒரே ஒரு பட்டன்தான், அமுக்குனா தொறக்குது!"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காது மடல் சூடாகியிருந்தது. டயாலிசிஸ் முடிந்தால் வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசாத மாமா, மூடிய கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"பின்னால உக்காந்திருக்குற எங்க பிள்ளதாங்க செஞ்சது."

வியாபாரி வண்டியின் வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"நெசமாவாங்க?"

"நானும் என் பிரெண்டும்ங்க" என்றேன்.

வியாபாரி மறுபடி வேகத்தைக் கூட்டினார். பிறகு கேட்டார்: "அப்ப ஒண்ணு செய்ங்களேன். வீல்சேர் கொண்டு வர்றவங்க இருப்பாங்க. டிக்கியில எடம் இருக்கான்னு எங்கள மொதல்லயே கேட்டுக்குற மாதிரி வச்சா நல்லாருக்கும்ல?"

நல்ல யோசனை. எங்களுக்குத் தோன்றவே இல்லை.

"இந்த வாரமே வச்சிரலாம்ங்க" என்றேன்.